பழியைப் பங்கசின் மேல் போட்ட கதை

எங்கள் பூனைக்குக் காதோரம் வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் கட்டியபோது, என் கழுத்துப் படைக்கு வாங்கி மிஞ்சியிருந்த களிம்பைப் பூசினேன். சிவப்பு மறைந்தது. வீட்டில் இரண்டு நாள் பெருமை பேசினேன். களிம்பில் ஸ்டீரொய்டும் கலந்திருந்தது என்பதை ரியூப்பின் பொடி எழுத்தில் பிறகுதான் வாசித்தேன். அது சிவப்பை அடக்கும். பங்கசுக்கோ பரவ வழிவிடும்.

அடுத்து, காசுத்தாள் பார்க்கிற ஊதா ரோச்சை வாங்கிவந்து இருட்டில் அடித்தேன். 1925 முதலே மருத்துவர்கள் இந்த வகை ஒளியில் படை பார்க்கிறார்களாம். பூனை முழுக்கப் பளபளத்தது. மயிர்த்தண்டு மட்டும் இளம்பச்சையாக ஒளிர்ந்தால்தான் அது பங்கசின் அடையாளம். நான் கண்டது களிம்பும் தூசியும்.

கடைசியில் மிருக வைத்தியரிடம் போனோம். இற்றாக்கொனசோல்: தினமும் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒரு கிழமை கொடுத்து ஒரு கிழமை விட வேண்டும். பூனை 3 கிலோ, குளிகை 100 மில்லிகிராம். பிரித்துத் தாருங்கள் என்று கேட்க ரோசம் விடவில்லை. குளிகையைத் திறந்து பழைய பேப்பரில் கொட்டி, கடுகளவு உருண்டைகளை நெருப்புக்குச்சியால் ஏழு குவியலாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஃபானை நிறுத்த மறந்துபோனேன். மிஞ்சியதைச் சூடை மீனுக்குள் புதைத்து வைத்தால், மீனைத் தின்றுவிட்டு உருண்டைகளைக் கோப்பையில் வரிசையாக விட்டுப்போனது. மருந்து விடுகிற கிழமையை மட்டும் நான் பிசகாமல் கடைப்பிடித்தேன். அது நீண்டுகொண்டும் போனது. மயிர் முளைத்ததும் எல்லாவற்றையும் நிறுத்தினேன். வட்டம் திரும்ப வந்தது.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. குற்றம் பங்கசில்! இந்தியாவில் டேர்பினாபின் என்ற மருந்துக்கு மசியாமல் பரவும் ஒரு பங்கசுக்கு 2020இல் ட்ரைக்கோபைற்றன் இன்டோற்றினியே என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பாக்கு நீரிணை என்ன பெரிய தூரமா? பேராதனையில் மிருக வைத்தியம் படித்த மருமகனைப் பிடித்து, மருந்து கேட்குமா என்று சோதனை செய்துதா என்றேன்.

“மாமா, அது மனிசரில வாற சாதி. பூனையில அநேகமா மைக்குரோஸ்போரம் கனிஸ்தான். நீங்கள் குடுத்ததும் வேற மருந்து.”

விடவில்லை நான். அவனும் பொறுமையாகச் சொன்னான்: மயிரைப் பிடுங்கிப் பங்கசை வளர்த்தெடுக்கவே சில கிழமை. கனிஸ் சிலவேளை வித்திகளைக் கஞ்சத்தனமாகத்தான் விடும்; அவித்த அரிசியில் வளர்த்தால் கொஞ்சம் தாராளம். (நம்மூர்ப் பங்கசுதான், சந்தேகமில்லை.) பிறகு 96 குழித் தட்டில் மருந்தைக் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்து ஊற்றி, வித்திகளைச் சேர்த்து, 35 பாகையில் நாலைந்து நாள் வைத்து, எந்தக் குழியில் வளர்ச்சி அடங்குகிறதென்று பார்க்க வேண்டும்.

“இலக்கம் வரும், மாமா. ஆனா இதுக்கு மேல போனா மருந்து கேக்காது எண்டு இந்தப் பங்கசுக்கு இன்னும் ஒருத்தரும் கோடு கீறேல்லை. அதை விடுங்கோ, மருந்து எத்தினை நாள் ஒழுங்கா உள்ள போனது?”

மின்வெட்டைப் பற்றிப் பேச்சைத் திருப்பினேன்.

“அது படுக்கிற சாக்கைத் தோய்ச்சனீங்களோ?”

உதறினேன் என்றேன். விறாந்தையில், கதிரைக்குப் பக்கத்தில். உதிர்ந்த மயிரில் வித்திகள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்றவன், என் முழங்கையை உற்றுப் பார்த்தான். அழகான வட்டம்.

“பூனையை விடுங்கோ. நாளைக்கு உங்களிலதான் சுரண்டி எடுக்கவேணும். ஒண்டும் பூசிப்போடாதேங்கோ, வளராது.”

இரவு கடி தாங்கவில்லை. அந்த ரியூப்பின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. காலையில் அவன் பிளேடோடு வந்தபோது, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நீட்டினேன்.