கிரகப்பிரவேசம்

“இது கிச்சன், தம்பி.”

தெரியும் அண்ணே. போன சனிக்கிழமையும் இது கிச்சன்தான். அதற்கு முந்தின சனிக்கிழமையும்.

கேப்டன் காதில் இதெல்லாம் விழாது. ஸ்டார் சிட்டிசன் என்கிற விண்வெளிக் கணினி விளையாட்டை ஆடுகிற எந்தக் குழுவை எடுத்தாலும் இவர் ஒருவர் இருப்பார்: பெரிய கப்பலுக்குச் சொந்தக்காரர். எங்களவரிடம் இருப்பது கேரக். நீளம் 126.5 மீட்டர். ஆட்கள் ஆறு பேர். தயாரித்தது அன்வில் என்கிற கம்பெனி. அந்தக் கம்பெனி விளையாட்டுக்குள் மட்டும்தான் உண்டு. விலை 600 டாலர். அது மட்டும் விளையாட்டுக்கு வெளியே.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னார், வந்துவிட்டோம். இப்போது ஒன்பதே முக்கால். கப்பல் நியூ பாபேஜ் நகர ஹேங்கரை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. டிஸ்கார்டில் நாலு பேர் மூச்சுவிடுவது கேட்கிறது. ஒருவர் முறுக்கு கடிக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று கேப்டன் சொல்லவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

கிச்சன் முடிந்ததும் படுக்கை அறைகள். ஒவ்வொரு கதவும் தானாகத் திறக்கும்போது ஒரு நொடி நின்று, “சத்தமே இல்ல பாத்தீங்களா?” என்பார். நாங்கள் சத்தமில்லாமல் வியக்க வேண்டும். பிறகு மருத்துவ அறை. “செத்துப்போனா இங்கயே எழுந்திரிச்சுக்கலாம் தம்பி, ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்.” அடுத்து, தரையில் ஓட்ட ஊர்சா வண்டி, பறக்கப் பைசீஸ் என்கிற குட்டிக் கப்பல். மாட்டுத் தொழுவத்தையும் கார் ஷெட்டையும் காட்டுகிற அதே குரல். எஸ்சியு என்கிற அலகில் 456 பிடிக்கும் சரக்கறை. அதில் அவர் இதுவரை ஏற்றியது எட்டுப் பெட்டி, அதுவும் படம் எடுப்பதற்காக.

கடைசியில் வரைபட அறை. நடுவில் ஒளிக்கோளம், சுற்றிலும் மேசைகள். புது உலகம் தேடக் கட்டிய கப்பலுக்கு இதுதான் கர்ப்பக்கிரகம். சாமியைத்தான் இன்னும் பிரதிஷ்டை செய்யவில்லை: வானத்தை அளந்து படம் வரைகிற வேலை விளையாட்டில் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இருந்தாலும் கேப்டன் இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அப்புறம் மதிப்பெண். “உண்மையைச் சொல்லுங்க, பத்துக்கு எத்தன?” ஒருமுறை உண்மையைச் சொன்னேன், எட்டு என்று. மீதி இரண்டு எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க, மறுபடி கிச்சனிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து நான் பத்துதான்.

எட்டு சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. துப்பாக்கி எல்லாம் சுற்றியுள்ள டர்ரெட்டுகளில். ஓட்டுகிறவர் முன்னால் பார்த்துச் சுட ஒன்றுகூட இல்லை. கொள்ளைக்காரர்கள் வந்தால் கேப்டனால் இரண்டு காரியம்தான் முடியும்: கப்பலைத் திருப்புவது, எங்களைத் திட்டுவது. இரண்டில் ஒன்றை வேகமாகச் செய்வார்.

கப்பல்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆறு பேருக்கான கப்பலை வாங்கியது அவர் ஒருவர். எங்களைக் கேட்டு வாங்கவில்லை. பணம் அவருடையது, சரி. சனிக்கிழமை ராத்திரி எனக்குக் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தையும் அந்தப் பணத்தில் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னிடமும் ஒரு அரோரா இருக்கிறது. சின்னது, ஏறினால் கிளம்பிவிடும். அதற்குப் பக்கத்துணையாக ஒரு நாள் பறந்து வந்திருப்பாரா? ஆறு மாதமாக இடப்பக்க டர்ரெட்டில் உட்கார்ந்து இருட்டை வெறிக்கிறேன். “தம்பி, இன்னைக்கு நீ ஓட்டு” என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

வராது. இந்தக் கப்பலுக்கு அவர் பணம் கட்டியது 2014-இல், வெறும் படமாக இருந்தபோது. பறக்கக் கிடைத்தது 2020 பிப்ரவரியில். காலி மனையில் நட்ட பலகையைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு, ஐந்து வருஷத்துக்கு மேல் “இந்த வருஷம் சாவி கொடுத்துடுவாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை நமக்குத் தெரியாதா? அப்படி வீடு கிடைத்தவர் கிச்சனைக் காட்டாமல் என்ன செய்வார்?

கிரகப்பிரவேசம் நடந்துகொண்டே இருக்கிறதே தவிர, எந்தக் கிரகத்துக்குள்ளும் நாங்கள் பிரவேசித்தபாடில்லை. ஒரே ஒருமுறை தவிர.

அன்றைக்கு மைக்ரோடெக் கிரகத்தின் பனிக்காட்டில் என் அரோராவைப் பாறையில் மோதிவிட்டு, அடிபட்டுக் கிடந்தேன். ராத்திரி ஒரு மணி. சும்மா குழுவில் ஒரு வரி போட்டேன். பத்து நிமிஷத்தில் பனிப்புயலுக்குள்ளிருந்து 126.5 மீட்டர் இறங்கியது. டர்ரெட்டில் ஆள் இல்லை, கப்பல் முழுக்க அவர் ஒருவர்தான். வழியில் யாராவது மடக்கியிருந்தால் திட்டக்கூட ஆள் கிடையாது.

முகப்புச் சரிவில் நின்று, “பாத்து ஏறுங்க தம்பி” என்றார். ரத்தம் ஒழுக ஏறினேன். மருத்துவ அறைக்கு நேர்வழி எனக்கு மனப்பாடம்.

கேப்டன் என்னைக் கிச்சன் வழியாக அழைத்துப்போனார்.