உவர்நீர்ச் சுவரியல்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் குளியலறை டைல்ஸ் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

களமும் முறையும்

வடக்கே காரியாபட்டி, கிழக்கே நரிக்குடி, தெற்கே பந்தல்குடி, மேற்கே பாலவநத்தம். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கரிசலிலும் செவலிலும் பொட்டலிலும் எழும்பியிருக்கும் வீடுகளின் குளியலறைச் சுவர்களும் அடுப்படிச் சுவர்களுமே இவ்வாய்வின் களம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு வானம் ஒதுங்கிக்கொள்ளும். மிச்ச மாதங்களில் இந்த வட்டாரத்தில் ஈரமான சுவர் என்று ஒன்று உண்டென்றால் அது குளியலறைச் சுவர்தான். பானை ஓட்டுக் கீறல் முதல் சினிமாச் சுவரொட்டி வரை ஆராய்ந்து தீர்த்த அறிஞர் பெருமக்கள் இந்த ஒரே ஈரச் சுவரை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

தரவு திரட்டிய முறை எளிது. புதுவீட்டில் பால் காய்ச்சும் அன்று மொய் எழுதிவிட்டு நின்றால் போதும். வீட்டுக்காரரே கையைப் பிடித்து அழைத்துப் போவார். பூஜையறைக்கு அல்ல. “பாத்ரூமப் பாத்தீகளா?” என்பார். உள்ளே ஏற்கெனவே எட்டுப் பேர் வெறுங்காலோடு நின்று சுவரைத் தடவிக்கொண்டிருப்பார்கள். “ஜாயிண்டே தெரியலையே!” என்று ஒரு சித்தப்பா வியப்பார். “அடி என்ன வெல போட்டான்?” என்று ஒரு மச்சினர் கேட்டு, சொன்ன விலையைக் கேட்டு, தன் வீட்டுக்கு வாங்கியபோது அதைவிடக் குறைவு என்பார். அன்றைக்குப் பெரும்பாலும் போர் மோட்டாருக்கு இணைப்பு வந்திருக்காது. சுவரில் சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. டைல்ஸ் தன் சொந்த முகத்தோடு இருக்கும் ஒரே நாள் அதுதான் என்பதைப் பின்னால் நிறுவுவோம்.

கால வகைப்பாடு

முதலாவது சுண்ணாம்புக் காலம். சுவருக்கு வெள்ளை, பொங்கலுக்குப் பொங்கல் மறுபடியும் வெள்ளை. இதில் தேர்வு செய்ய எதுவும் இல்லாததால் குடும்பங்களில் சண்டையும் இல்லை.

அடுத்தது வெள்ளைக் கட்டக் காலம். ஆறங்குலச் சதுர வெள்ளை டைல்ஸ், இடுப்பு உயரம் மட்டும். எச். அண்டு ஆர். ஜான்சன் நிறுவனம் 1958இல் இந்தியாவில் கால்வைத்தது. அதன் பிறகு எந்தக் கம்பெனி வெள்ளைச் சதுரம் வந்தாலும் நம் பக்கத்தில் அது ‘ஜான்சன் டைல்ஸ்’ என்றே வழங்கிற்று. வீட்டில் ஒட்டினால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அப்போது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் இவ்வாய்வின் கண்ணோட்டத்தில் இந்த மண்ணுக்கு வாய்த்த மிகச் சரியான சுவர் அதுவே. காரணம் கீழே வரும்.

பிறகு வந்தது டால்பின் காலம். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல டைல்ஸில் நீலக் கடலிலிருந்து இரட்டை டால்பின்கள் வளைந்து எழும்பின. சங்கு, சிப்பி, நட்சத்திர மீன், மூங்கில் இலை, அடுக்கிவைத்த கூழாங்கல், அருவி ஆகியவையும் இக்காலத்தைச் சேர்ந்தவை. இந்தியாவின் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் உற்பத்தியாகிறது. மோர்பிக்குக் கட்ச் வளைகுடா பக்கம், அங்கே டால்பின் உண்டு, ஆகவே அவர்கள் போட்டதில் நியாயம் இருக்கிறது. நமக்கும் கடல் ஒன்றும் தூரமில்லை. தெற்கே சாயல்குடியைத் தாண்டினால் மன்னார் வளைகுடா, ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு வாழும் கடல். அதற்கு வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. ஆனாலும் எந்த டைல்ஸ் கடையிலும் ஆவுளியா கிடையாது. அதன் முகவெட்டு குளியலறைக்குப் பொருந்தாது என்று மோர்பியில் முடிவு செய்திருக்கலாம்.

தண்ணீர் குறைந்த ஊரில் சுவரெல்லாம் அருவியும் கடலும் ஏன்? இல்லாததைச் சுவரில் எழுதிப் பார்க்கும் மனம் என்று உளவியலார் சொல்லக்கூடும். கடைக்காரரின் விளக்கம் வேறு: “அந்த மாசம் அந்த லோடுதான் வந்துச்சு.” இவ்வாய்வு இரண்டாவதையே ஏற்கிறது.

டால்பினுக்குப் பிந்தையது லைட், டார்க், ஹைலைட்டர் காலம். இன்றும் முழுதாக முடியவில்லை. மேலே லைட், கீழே டார்க், நடுவில் பூவோ படமோ போட்ட ஒரு வரிசை ஹைலைட்டர், மூன்றும் ஒரே செட். இந்த ஒழுங்கை அருப்புக்கோட்டை ஏன் இத்தனை எளிதாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு ஒரு கருதுகோள் உண்டு. இது தறி ஊர். உடல், கரை, முந்தி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தே துணியைப் படித்த கண்கள் இங்குள்ளவை. லைட் என்பது உடல், டார்க் என்பது கரை, ஹைலைட்டர் முந்தி. நெசவுக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் கடையில் இரண்டு ஹைலைட்டரை ஒட்டிவைத்துப் பார்த்து, “பூ சேரலையே, காலிஞ்சு எறங்கி நிக்கிதே” என்று திருப்பிக் கொடுத்ததை நேரில் கண்டதுண்டு. அளந்து பார்த்தால் காலிஞ்சுதான்.

இப்போது நடப்பது பளிங்குக் காலம். இரண்டடிக்கு நாலடிப் பலகைகள், மேலே வெள்ளை மார்பிளில் சாம்பல் ரேகை ஓடுவது போன்ற அச்சு. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினின் காஸ்தெயோன் பகுதியில் டைல்ஸ் மேல் இங்க்ஜெட் முறையில் அச்சிடத் தொடங்கினார்கள். அந்த நுட்பம் பரவியபின் மரம், கல், துணி என எதையும் சுவரில் ஏற்றலாம் என்றாயிற்று.

உவர்நீர்த் தேற்றம்

திருச்சுழித் தலபுராணம் ஒரு செய்தி சொல்கிறது. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்தி வெள்ளம் முழுவதையும் உள்ளே இறக்கிவிட்டாராம். நிலத்தடி நீரியலில் இதைவிடப் பழைய ஆவணம் இந்த வட்டாரத்துக்குக் கிடையாது. அன்று உள்ளே போன தண்ணீரைத்தான் இன்று போர் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கிறது. உப்பாகக் கிடைக்கிறது.

குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி. வீட்டுக்கு வீடு இந்த இரட்டை ஆட்சிதான். குளியலறைச் சுவர் முழுக்க முழுக்க இரண்டாவது ஆட்சிக்கு உட்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600ஐயே எடுத்துக்கொள்வோம். நால்வர் குடும்பம் நாளொன்றுக்கு 500 லிட்டர் புழங்கினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் தினம் 300 கிராம் வீட்டுக்குள் வருகிறது. ஆண்டுக்கு 109 கிலோ சொச்சம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆக, இரண்டு மூட்டைக்கு மேல் சுண்ணாம்புச் சரக்கு வாளியிலும் ஷவரிலும் ஆண்டுதோறும் வந்து போகிறது. முக்கால்வாசிக்கு மேல் சாக்கடையோடு போய்விடும் என்பது உண்மை. போகாமல் சுவரில் தங்கிக் காயும் துளிகளே நம் ஆய்வுப் பொருள். துளி காய்கிறது, கரியமில வாயு பிரிந்து போகிறது, கரைந்திருந்த பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாகச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. முதலில் புள்ளி, பிறகு கோடு, பிறகு படலம். குழாய்க்குக் கீழே ஒரு நீண்ட தாடி.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்து விருதுநகர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சிமெண்ட்தான் டைல்ஸைப் பின்னாலிருந்து சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. நிலத்தடியில் கரைந்த சுண்ணாம்போ போர்த் தண்ணீரில் ஏறி வந்து அதே டைல்ஸை முன்னாலிருந்து மூடுகிறது. முதுகிலும் சுண்ணாம்பு, முகத்திலும் சுண்ணாம்பு. இடையில் மாட்டிக்கொண்டது குஜராத்.

இனி முக்கிய முடிவு. ‘கீழே டார்க் போடுங்க, அழுக்குத் தெரியாது’ என்பது டைல்ஸ் கடைகளின் முதல் மந்திரம். அழுக்கு கறுப்பாக இருக்கும் ஊர்களில் அது செல்லும். இங்கே சுவரில் படியும் அழுக்கு வெள்ளை. தண்ணீர் அதிகம் தெறிப்பது சுவரின் கீழ்ப்பாதியில். அங்கே கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் ஒட்டுவது கரும்பலகையை மாட்டி, சுண்ணாம்புக் கட்டியையும் கையில் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். தரை விஷயம் நேர் எதிர். காலில் ஏறி வருவது கரிசல், அது கறுப்பு. எனவே தரைக்கு டார்க், சுவருக்கு லைட். ஆறங்குல வெள்ளைச் சதுரத்தை ஆஸ்பத்திரி என்று கேலி செய்த தலைமுறை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பளிங்குக் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்பிள் என்பது சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட்தான். அதன் படத்தை அச்சடித்த டைல்ஸ் மேல் உண்மையான கால்சியம் கார்பனேட் ஆண்டுதோறும் படிகிறது. போலி மார்பிள் வாங்கியவர் கொஞ்ச காலம் பொறுமையாக இருந்தால் பாதி அசலாகிவிடும்.

படலத்தைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது வழக்கம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பொங்கிக்கொண்டு கார்பனேட்டைக் கரைக்கும். டைல்ஸின் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இணைப்பில் பூசிய ஒயிட் சிமெண்ட் தாங்காது, அதுவும் சுண்ணாம்புச் சாதிதானே. இணைப்பு அரித்தால் தண்ணீர் பின்னால் போகும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் மட்டும் குளோரின் வாயு வரும். அதில் விளையாட்டே வேண்டாம்.

வடிவவியலும் கொத்தனாரும்

ஒரு தளத்தைத் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தால் நிரப்பச் சமச்சீர் வகைகள் பதினேழு மட்டுமே என்று 1891இல் ருஷ்ய அறிஞர் பெதரோவ் நிறுவினார். டைல்ஸ் கடை ஆல்பத்தில் நானூறு டிசைன் இருந்தாலும் கணக்குப்படி பதினேழுக்குள் அடங்க வேண்டும். கடைக்கு அழைத்து வரப்பட்ட கணவர்கள் இதை இன்னும் சுருக்கி இரண்டாக்கியிருக்கிறார்கள்: ‘நல்லாருக்கு’, ‘இதுவும் நல்லாருக்கு’.

2023இல் இன்னொரு செய்தி வந்தது. இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்ற பொழுதுபோக்குக் கணிதக்காரர் தொப்பி போன்ற பதின்மூன்று பக்க வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த ஒரே வடிவத்தால் எத்தனை பெரிய தளத்தையும் நிரப்பலாம், ஆனால் டிசைன் ஒருபோதும் ஒரே சீராகத் திரும்பி வராது. கணித உலகம் பல்லாண்டு தேடிய பொருள். படத்தை அருப்புக்கோட்டை டைல்ஸ் கொத்தனார் ஒருவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அண்ணாச்சி, கட்டிங் கூலி தனியாச் சொல்லிட்டீகளா?” என்றார்.

கொத்தனாரின் பரிந்துரைக்குப் பின்னால் ஓர் உள்நோக்கம் உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். அஸ்திவாரம் ஆழம் போகாத வீட்டில் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை அசைந்து கொடுக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேலே சரி, கீழே அரை அங்குலம் வெளியே. நேர்கோட்டு டிசைன் இந்த ரகசியத்தை ஊருக்கே சொல்லிவிடும். கொடியும் இலையும் சொல்லாது. “பூப் போட்டது எடுங்க, வீட்டுக்கு லட்சணமா இருக்கும்” என்று அவர் சொன்னால் ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் எங்கே போகும் என்பதில் மட்டும் எல்லாக் கொத்தனார்களும் ஒரே பள்ளி: கதவுக்குப் பின்னால்.

வழக்கமான செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் வகை. அதனால் சிமெண்டில் ஒட்டுமுன் தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும் வரை ஊறவைப்பார்கள். எந்தத் தண்ணீரில் என்று கேட்க வேண்டியதில்லை. சுவருக்கு ஏறும் முன்பே அது வயிறு நிறைய நம்மூர் உப்பைக் குடித்துவிடுகிறது.

அடுப்படி

அடுப்படிக்கு அதிகம் சொல்ல இல்லை. கிரானைட் மேடைக்கு மேலே இரண்டடி. தாளிப்புத் தெறிக்கும் எல்லை அது. மஞ்சள் கறை இணைப்பில்தான் பிடிக்கும், ஆகவே இணைப்பு குறைந்த பெரிய டைல்ஸ் நல்லது. ஒரு குறை மட்டும்: ஹைலைட்டரில் வருபவை ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, நுரை ததும்பும் காப்பிக் கோப்பை, சில சமயம் ஒயின் கிளாஸ். சாத்தூர்ச் சேவும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் கூப்பிடு தூரத்தில் இருக்க, கம்பங்கூழ் காய்ச்சும் அடுப்புக்கு மேலே ஒயின் கிளாஸைப் பார்த்துக்கொண்டு ஒரு பாட்டி வெங்காயம் உரிப்பது இவ்வட்டாரத்தில் பரவலான காட்சி. சுவர்க் கவலையே இல்லாதவர் ஒருவரும் இம்மண்ணில் உண்டு: ரமண மகரிஷி 1879இல் பிறந்தது திருச்சுழியில். பிற்பாடு திருவண்ணாமலையில் விரூபாட்ச குகையில் பல்லாண்டு இருந்தார். அந்தக் குகைச் சுவருக்கு லைட்டா டார்க்கா என்று யாரும் அவரைக் கேட்டதாகப் பதிவில்லை.

விதிவிலக்கு

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், டால்பின் காலத்துக் குளியலறை ஒன்று ஆய்வாளரின் கண்ணில் பட்டது. அடர்நீல டைல்ஸ், அதாவது தேற்றத்தின்படி இந்நேரம் வெள்ளையடித்தாற்போல் ஆகியிருக்க வேண்டிய சுவர். ஒரு புள்ளி உப்பு இல்லை. இரண்டு டால்பின்களும் நேற்று எழும்பியவை போல இருந்தன. வடிகட்டியா, மென்னீர் இயந்திரமா, தினமும் வேட்டித் துணியால் துடைக்கிறார்களா என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்டோம். தரையில் மூன்று மூட்டை மிளகாய் வத்தலும் ஒரு மூட்டை மல்லியும் கிடந்ததைக் கவனித்தது அதன் பிறகுதான்.

“இதுல குளிச்சா டைல்ஸ் என்னத்துக்காகும்?” என்றார் ஆச்சி. “நாங்க பின்னாடி தொட்டியிலதான் குளிக்கோம்.”

இந்தத் தரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை.