ஆள் இல்லாத பின்சீட்டுக்கும் பரீட்சை

பர்மிங்ஹாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  உங்கள் புல்லட்டுக்கு 15 வருடம் முடிகிறது, மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்று சித்தி போனில் சொன்னார்கள். “அவன் ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது” என்று பின்னாலிருந்து நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சித்தப்பா, நீங்கள் 15 வருடம் நிம்மதியாக ஓட்டினீர்கள். இப்போது காட்டிவிட்டால் இன்னும் 5 வருடத்துக்குக் கவலையில்லை. இங்கே வண்டிக்கு 3 வயதானால் போதும், அப்புறம் வருடா வருடம் பரீட்சை. எம்.ஓ.டி. என்று பெயர். 1960-ல் தொடங்கியபோது 10 வயதான வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1967-ல் 3 வயதுக்கு இறக்கிவிட்டார்கள். அனுமதி பெற்ற மெக்கானிக் ஷெட்டிலேயே பார்த்துவிடுவார்கள். பைக்குக்கு அதிகபட்சம் 29 பவுண்டு 65 பென்ஸ். 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குப் பரீட்சையே கிடையாது. கிழத்துக்கு அப்படி ஒரு மரியாதை!

என்னோடு தங்கியிருக்கும் அடையாறு பையன் ஒரு ராயல் என்ஃபீல்டு வைத்திருக்கிறான். அந்தக் கம்பெனி பிறந்த ரெட்டிச் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1955-ல் திருவொற்றியூருக்கு வந்தது. பிறந்த ஊரில் பிறகு மூடிவிட்டார்கள். இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்து இங்கே கப்பலேற்றுகிறோம்.

அவன் மனைவிக்கு விசா வரவில்லை. “உட்கார ஆளே இல்லை, கால் வைக்கக் கட்டை எதற்கு?” என்று ஆலன் கீயை எடுத்தான், பின்பக்கத்து ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டான். உண்மைக் காரணம் நாங்கள்தான். கோயிலுக்கு, மளிகைக் கடைக்கு என்று யார் லிஃப்ட் கேட்டாலும், “கால் வைக்க இடமில்லையே மச்சி” என்று அவ்வளவு சோகமாகச் சொல்வான்.

எம்.ஓ.டி. நாள் வந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பிரேக், செயின், டயர், ஹெட்லைட் எல்லாம் பார்த்தார்கள். ஹாரனையும் அடித்துப் பார்த்தார்கள். இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை ஊருக்குள் ஹாரன் அடிக்கவே கூடாத நாடு இது. எனக்குப் பனகல் பார்க் ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்தது.

கடைசியில் டெஸ்டர் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

“இரண்டு பேர் சீட்டு. இரண்டாவது ஆள் காலை எங்கே வைப்பார்?”

“இரண்டாவது ஆளே கிடையாது சார்.”

“சீட்டு இருக்கிறதே!”

ஒற்றைச் சீட்டு போடு, இல்லை கழற்றியதை மாட்டு என்று சொல்லிவிட்டார். ஃபெயில். அதோடு விட்டார்களா? நம்பர் பிளேட்டைத் தட்டினால் எந்த வண்டி எந்த வருடம் எதில் ஃபெயில் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். வண்டி ஜாதகம் ஊருக்கே பொது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பின்னால் உட்காருகிறவர் இருபுறமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று இந்த நாட்டின் 1988-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் சித்தி, இங்கே என்றால் கச்சேரி ரோடு திரும்புவதற்குள் மாட்டிக்கொள்வார்கள்! நம் ஊர்ச் சட்டம் எழுதியவர் சித்தியை நேரிலேயே பார்த்திருக்க வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வதைப் பாருங்கள். பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடி வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைத்திருக்க வேண்டும். அதுதான் நம் சேலை கார்டு. இங்கே வருகிற என்ஃபீல்டுக்கு அது கிடையாது. இவர்கள் இல்லாத ஆளின் காலுக்குக் கவலைப்படுகிறார்கள். நம்மவர்கள் இருக்கிற ஆளின் புடவைக்கும் சேர்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

தம்பி ஸ்டைலுக்காகச் சேலை கார்டைக் கழற்ற ஸ்பேனரோடு அலைகிறான் என்று கேள்விப்பட்டேன். ஆகவே, அவன் கையைத் தட்டி வையுங்கள். ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் படிவம் 25, இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட், சேஸிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு பையன் கட்டைகளைத் திரும்ப மாட்டிப் பாஸாகிவிட்டான். சாக்கும் போய்விட்டது, ஒரு மாதமாக நான் ராஜா மாதிரி பின்னால் உட்கார்ந்து போகிறேன். ஒரு ஃபுட்ரெஸ்ட்டில் ரப்பர் மட்டும் காணாமல் போய்விட்டது. ஜி.பி. ரோட்டில் ஒரு ஜோடி வாங்கி அவன் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அவன் மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வரும்போது கொண்டு வந்துவிடுவார்.

அதன்பிறகு எனக்கு பஸ்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்