வாங்கு மருமோனே, வாங்கு!

வாங்கு மருமோனே, வாங்கு. யோசிக்காத. சீசன் காசு கையில கிடந்தா ஒண்டில் கலியாணப் பேச்சு வரும், இல்லாட்டிக் கடன் கேட்டு ஆள் வரும். ரெண்டுக்கும் முந்திக் கார் வரட்டும்.

ஆனா "மாமா, என்ன கார் நல்லது?" எண்டு கேட்டாய் பார், அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ராவிரவா ஃபோனில அந்தக் கார் வளைவு திரும்புறதைப் பாத்துப் பாத்து, அதின்ர சில்லு அளவுவரை பாடமாக்கி வைச்சிருக்கிறாய். உனக்கு வேணுமெண்டது யோசனை இல்லை, ஆசீர்வாதம். சரி, குனி, திருநீறு பூசி விடுறன். குனிஞ்சபடியே நில், நாலு கதை காதில விழட்டும்.

முதல்ல உன்ர தெரிவை மெச்சுறன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா ஊர் கதைக்கும். நீ கேக்கிற 'ஹொட் ஹட்ச்' அப்பிடியில்லை. சந்தைக்குப் போற குடும்பக் காருக்குள்ள ஓட்டக்காரன்ர என்ஜினை ஒளிச்சு வைச்ச சாமான் அது. 1964இல மினி கூப்பர் எஸ் மொண்டி கார்லோ ரலியில பெரிய பெரிய கார்களை வெண்டது. 1976இல வொக்ஸ்வாகன்காரன் கோல்ஃபுக்கு ஜீரிஐ எண்டு பேர் வைச்சு 110 குதிரை வலுவைக் கட்டி விட்டான். ஐயாயிரம் விலைப்பட்டாக் காணும் எண்டு தொடங்கினவன், அந்த முதல் மொடலிலேயே நாலு லட்சத்துக்கு மேல வித்தான். அத்தனை பேரும் வீட்டில ஒரே பொய்யைத்தான் சொல்லியிருப்பினம்: "சாமான் ஏத்த வசதியப்பா." நீயும் மாமிக்குக் காட்டேக்க பின்கதவைத் திறந்து, ரெண்டு மூட்டை அரிசி வைக்கலாமெண்டு காட்டு. பொனற்றை மட்டும் திறந்திடாத.

இனி விலைக்கு வருவம். 2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது. எங்கட சனத்தின்ர காருக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில. திறந்த கதவில வரி காவல் நிக்குது. சுங்க வரி, அதுக்கு மேல்வரி, என்ஜின் சீசி ஏற ஏற ஏறுற உற்பத்தி வரி, கூட்டின எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் வற் வரி. ஜப்பானில ஒரு கார் வாங்கிற காசுக்கு இஞ்ச அதின்ர வரியைத்தான் வாங்கலாம். பாவிச்ச காரை இறக்கலாமெண்டா, மூண்டு வயசுக்கு மேல போனதுக்கு அனுமதியில்லை. அப்ப உன்ர ஆசைக்குரிய கிழட்டுச் சிவிக் ரைப் ஆர் இருக்கே, 1997இல வந்த ஈகே9, 1.6 லீற்றரில ரேர்போ இல்லாம 185 குதிரை எடுத்த சூரன், அது இனிக் கப்பலில வராது. நாட்டுக்குள்ள கிடக்கிறதுதான் கை மாறி மாறிச் சுத்தும். ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் விலை ஏறும், கொஞ்சம் இரும்பு உதிரும்.

புதுசு வேணுமெண்டா ரொயோட்டா ஜீஆர் யாரிஸ் பார். 1.6 லீற்றர், மூண்டு சிலிண்டர், நாலு சில்லும் இழுக்கும். 2020இல வரேக்கையே 272 குதிரை. நிலாவெளிச் சந்தியில இருந்து கோபாலபுரம் வரைக்கும் 272 குதிரையும் என்ன செய்யுமெண்டு கேக்காத, புல்லு மேயும். இல்லாட்டி வயசு குறைஞ்ச, பாவிச்ச ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒண்டு பார். 1.4 லீற்றர் ரேர்போ, 140 குதிரை. கியர் போட்டு ஓடுற மொடல் 970 கிலோதான். பாரம் குறைஞ்ச கார் பிறேக்கையும் ரயரையும் மெல்லத்தான் தின்னும், திருத்திறவனும் ஊரில கிடைப்பான். என்னைக் கேட்டா அதுதான். ஆனா என்னை ஆர் கேக்கிறது? நீ கேட்டது ஆசீர்வாதம் எண்டு முதலே சொல்லிப்போட்டன்.

பெற்றோல் எண்டொரு சோலியும் இருக்குது. இந்த ரேர்போ என்ஜினுகளுக்கு ஒக்டேன் 95 ஊத்தவேணும். 2022ஐ மறந்திடாத. சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டிவிட்ட 99 எண்ணெய்த் தாங்கியும் வரிசையா நிக்க, அதுக்குப் பக்கத்தில நாங்களும் வெறும் கானோட வரிசையா நிண்டனாங்கள். கியூஆர் அட்டை வந்தாப்பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அண்டைக்கு உன்ர ரேர்போவை விட கொப்பற்ற சைக்கிள்தான் கெதியாப் போனது.

பழசு எண்டு தீர்மானிச்சியெண்டா, பாக்கப் போகேக்க என்னைக் கூட்டிக்கொண்டு போ. மீன் லொறியோட ராவு ராவாக் கொழும்புக்குப் போய்வந்த கண் இது. விக்கிறவன் பாட்டுப் பெட்டியைப் போட்டுக் காட்டுவான், நீ அதில மயங்கி நிப்பாய். நான் குந்தி இருந்து ரயரைப் பாப்பன். ரயரின்ர பக்கச் சுவரில நாலு இலக்கம் அடிச்சிருக்கும். 2319 எண்டா 2019ஆம் வருசம் இருபத்து மூண்டாம் கிழமை வாத்தது. பூ நல்லா இருந்தாலும் றப்பர் கிழண்டிட்டுது எண்டு அர்த்தம். நாலு ரயரிலயும் நாலு வருசம் இருந்தா, விக்கிறவன் சில்லறைக்குப் பாத்த ஆள். முன் ரயரின்ர ஓரங்கள் மட்டும் கருகித் தேஞ்சிருந்தா, "லேடீஸ் ஓடின கார்" எண்டு சொல்லுற வாயைப் பாத்துச் சிரிச்சிட்டு வா. அந்த லேடீஸ் எங்கயோ ஓட்டப் பந்தய வளையத்தில வடிவா ஓடியிருக்கிறா.

பிறகு விரலை உள்ள விட்டுப் பிறேக் தட்டின்ர விளிம்பைத் தடவு. நகம் இடறுற அளவுக்குத் தட்டு வரம்பு கட்டியிருந்தா அது முடிஞ்சுது. பொனற்றுக்குள்ள பக்கத்தகடு பிடிச்ச போல்ற் தலைகளைப் பார். பெயின்ற் உரிஞ்சிருந்தா சாவி பட்டிருக்குது, சாவி பட்டா அடி பட்டிருக்குது. ஜப்பான் ஏலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கு. அதில 'ஆர்' எண்டு தரம் போட்டிருந்தா திருத்தின கார். கடைசியா, நிலத்தில முதுகு படப் படுத்து அடியைப் பார். எங்கட பக்கம் உப்பளக் காத்து, கடல் காத்து ரெண்டும் இலவசம். இரும்புக்கு ரெண்டும் விருப்பம். என்ஜின் குளிர்ந்து கிடக்கேக்க நீயே ஸ்ரார்ட் பண்ணு. நாங்கள் போக முந்தியே சூடாக்கி வைச்சிருந்தான் எண்டா, வரவேற்பு நல்லம், கார் கூடாது.

சரி, வாங்கியாச்சு. எங்க ஓடப்போறாய்?

எங்கட புல்மோட்டை றோட்டிலயோ? வடிவான றோட்டுத்தான், நேரான றோட்டுத்தான். பொழுது பட்டா மாடெல்லாம் தார்ச் சூட்டுக்கு வந்து நடுறோட்டில படுக்கும். அதுகளுக்கு இண்டிக்கேற்றர் இல்லை. கடற்கரைப் பக்கமிருந்து மணல் வந்து வளைவில கிடக்கும். புறாமலைக்குப் போக வந்த வெள்ளைக்காரி வலப்பக்கம் பாக்காம இடப்பக்கம் பாத்து இறங்குவாள். அவளின்ர ஊரில கார் அந்தப் பக்கத்தாலதான் வரும். நீ மணிக்கு 100 கிலோமீற்றரில வந்தா ஒரு செக்கனுக்கு 28 மீற்றர். மாட்டைக் கண்டு, அது மாடெண்டு விளங்கி, கால் பிறேக்குக்குப் போக முதலே 28 மீற்றர் போச்சு. பிறகுதான் பிறேக் பிடிக்கத் தொடங்கும். வேகம் ரெட்டிச்சா பிறேக் தூரம் நாலு மடங்கு. சட்டம் சனம் இருக்கிற இடத்தில 50, வெளியில 70 எண்டு சும்மா போடேல்லை. உன்ர 140 குதிரையில பாதி எப்பவும் லாயத்தில கட்டித்தான் கிடக்கும். அதுகளுக்கும் தீனி நீதான் போடவேணும்.

சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டப்போறன் எண்டும் சொன்னியாம். நல்லது. பொலிஸுக்கு உன்னைத் தேடிற கஷ்டம் மிச்சம்.

சுவிஸில இருக்கிற கொண்ணரைக் கேள். அங்க றோட்டெல்லாம் கண்ணாடி. ஆனா ஊருக்குள்ள ஐம்பதில போகவேண்டிய இடத்தில நூறில போனா மறியலும் வரலாம், காரையும் பறிக்கலாமெண்டு சட்டம். 1955இல பிரான்சின்ர லெ மான் ஓட்டத்தில கார் சனத்துக்குள்ள பாய்ஞ்சு எண்பது பேருக்கு மேல செத்தாப்பிறகு, வளைய ஓட்டத்தையே சுவிஸ்காரன் பல பத்து வருசம் தடை செய்து வைச்சிருந்தவன். அதால அங்கத்தைப் பெடியள் எல்லை தாண்டிப் போய், ஜெர்மனியில நூர்பர்க்ரிங்கில காசு கட்டி ஓடுவினம். 20.8 கிலோமீற்றர் வளையம். வேகம் எண்டது காசு கட்டிப் போய்ச் செய்யவேண்டிய வேலை எண்டு அவைக்கு விளங்கிச்சுது. உனக்கு இலவசமா வேணும்.

பகிடியை ஒருக்கா ஓரமா வைக்கிறன். 2024 ஏப்ரல் 21, தியத்தலாவையில ஃபொக்ஸ்ஹில் ஓட்டம். ஒரு கார் பாதையை விட்டுச் சனத்துக்குள்ள போனது. ஏழு பேர் செத்தவை, அதில எட்டு வயசுப் பிள்ளை ஒண்டு. பாக்க வந்த ஆக்களும், உதவிக்கு நிண்ட ஆக்களும். இராணுவம் நடத்தின ஓட்டம், கொடி பிடிக்க ஆள், எல்லாம் இருந்தது. அப்பிடி இருந்த இடத்திலயே அது நடந்தா, உன்னைப் பாத்து விசில் அடிக்க வளைவில நிக்கப்போற உன்ர சிநேகிதங்களை நினைச்சுப் பார். நீ ஹெல்மற் போட்டிருப்பாய். அவங்கள் சாரம் கட்டியிருப்பாங்கள்.

ஓடத்தான் வேணுமெண்டா ஓட இடமிருக்குது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த. ரெண்டாம் உலகப் போரில பிரிட்டிஷ் கடற்படை தன்ர விமானங்களுக்குப் போட்ட ஓடுபாதை. அதே கடற்படையின்ர விமானங்கள் எங்கட சீனக்குடாவிலயும் நிண்டதுதான். சென்னைக்காரரும் முந்திச் சோழவரத்தில, போர் விட்டுட்டுப் போன ஓடுபாதையிலதான் ஓடினவை. பிறகு 1990இல இருங்காட்டுக்கோட்டையில தங்களுக்கெண்டு ஒரு வளையம் கட்டிப்போட்டினம். மலைக்குப் போக விருப்பமெண்டா நுவரெலியாவில மகாகஸ்தோட்டை ஏத்தம், 1930களில இருந்து நடக்குது. ஏப்ரல் சீசனுக்குப் போனா குளிருக்குக் குளிரும் ஆச்சு. கிட்டவா வேணுமெண்டா கந்தளாய், ஹபரணை கடந்து மின்னேரியா. அங்க பீரங்கிப் படை நடத்துற செம்மண் ஓட்டம். போற வழியில யானை குறுக்க வரும். அதுக்கும் நீதான் வழி விடவேணும், அது ஜீஆர் யாரிஸைக் கண்டதில்லை.

முதல் வருசம் பாக்க மட்டும் போ. நிசான் மார்ச்சில, பழைய மினியில வாற பெடியள் எப்பிடிக் கோடு எடுக்கினம் எண்டு பார். விலை கூடின காரோட வந்து மண்ணுக்குள்ள இறங்கி நிக்கிறவனையும் பார். கிளப்பில சேந்து, ஹெல்மற், பெல்ற், கூண்டு எண்டு எந்த ஓட்டத்துக்கு என்ன விதி எண்டு விசாரி. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் ஒருக்கா வாசி. போட்டி ஓட்டத்தில நடந்ததுக்கு ஒரு சதமும் தரமாட்டம் எண்டு சின்ன எழுத்தில இருக்கும். அந்த எழுத்தைச் சின்னனா அடிச்சதுக்குக் காரணம் இருக்குது.

காசு மிஞ்சினா என்ஜினில போடாத, நிப்பாட்டுறதில போடு. நல்ல ரயர் நாலு, நல்ல பிறேக் கட்டை, புது பிறேக் ஒயில். இந்த ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாதி. நாலாம் நம்பர் ஒயில், டொட் 4 எண்டு போட்டிருக்கும், புதுசா இருக்கேக்க 230 பாகை தாண்டித்தான் கொதிக்கும். ஈரம் குடிச்சாப்பிறகு 155இலயே கொதிக்கலாம். கடற்கரையில ஈரத்துக்கு என்ன பஞ்சம்? நாலு வளைவில இறுக்கிப் பிடிச்சா தட்டு சூடேறும், ஒயில் கொதிக்கும், குழாய்க்குள்ள ஆவி நிக்கும். நீ மிதிப்பாய், பெடல் பலகையில போய் முட்டும், கார் தன்ர பாட்டில போகும். அந்த நேரம் உனக்கு என்ர முகம் ஞாபகம் வரும். அப்ப வந்து பிரயோசனம் இல்லை.

இன்னொண்டு. உன்ர காருக்கு முன் சில்லுதான் இழுக்கும், முன் சில்லுதான் திரும்பும். ஒரே மாட்டை உழவுக்கும் கட்டி அதே நேரம் வண்டிக்கும் கட்டினா என்ன செய்யும்? வளைவுக்க நிண்டு பெற்றோலை மிதிச்சியெண்டா மூக்கு திரும்பாம நேர போகும். பயந்து டக்கெண்டு காலை எடுத்தா பின்பக்கம் சுத்தி முன்னுக்கு வரும். அப்ப வளைவுக்கு முந்தி நேர்க் கோட்டில பிறேக், வளைவுக்க பொறுமை, வெளியில வரேக்க பெற்றோல். இதைப் பழக 272 குதிரை தேவையில்லை. நூறு குதிரையும், பொறுமையான வாத்தியும் காணும்.

ஆகவே வாங்கு மருமோனே. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை வாங்கு, ரயரைப் போடு, ஒயிலை மாத்து, நிலாவெளியில ஐம்பதில போ. மின்னேரியாவுக்குப் போற அண்டைக்கு எனக்கும் ஒரு ஹெல்மற் எடு, முன் சீற் என்ர. மாமி பின்னுக்கு இருக்கட்டும். எங்க பிறேக் பிடிக்கவேணுமெண்டு அவ சொல்லுவா. மீன் லொறிக் காலத்தில இருந்து சொல்லிக்கொண்டுதான் வாறா, ஒரு வளைவையும் விட்டதில்லை.