பல் நட விரும்புவோருக்கு

பல் நட வாயில் இடம் வேண்டும். எனவே இருக்கிற பற்களை முதலில் ஒழித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் இதற்குப் பெரிதாக மினக்கெட வேண்டாம். கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும் வெற்றிலை வட்டா உங்களைத் தேடி வரும். பாக்கே தனியாகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முன்னுக்கு நிற்கிறது. இதையெல்லாம் காதில் போடாமல் புகையிலைத் துண்டை வாயில் போடுங்கள்.

பல் குத்தினால் கராம்பு வையுங்கள். குத்து நின்றதும் டொக்டரை மறந்துவிடுங்கள். சூத்தை சின்னதாக இருக்கும்போது போனால் அடைத்து அனுப்பிவிடுவார். பல் நடும் யோகம் கைநழுவிவிடும். கன்னம் வீங்கி, "புடுங்கி விடுங்க டொக்டர்" என்று கும்பிடும் நாள்வரை பொறுங்கள்.

பல் போனபின் அவசரப்படாதீர்கள். "ஒரு பல்லுத்தானே கா, மறுகா பார்ப்பம்" என்று சொல்லப் பழகுங்கள். பல் போன இடத்தில் தாடையெலும்பு கரையும், அதுவும் முதல் வருடத்தில்தான் அதிகம். எலும்பு மிகவும் மெலிந்துவிட்டால், நட வேறு எலும்பு வைத்துக் கட்டவேண்டி வரலாம். பில்லும் அதற்கேற்ப வளரும்.

நடுவது டைட்டேனியம் திருகாணி. 1952இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்பக் கழற்றப் பார்த்தார்; எலும்பு அதைப் பற்றிக்கொண்டு விடவில்லை. அவர் பார்க்கப் போனது இரத்த ஓட்டம், கிடைத்தது பல்லுக்கு வேர். 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் பிரோனமார்க் நட்டவை, 2006இல் லார்சன் சாகும்வரை உழைத்தன. லார்சனுக்கு வட்டா நீட்ட ஆளில்லை என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

நட்ட கையோடு நண்டுக்கால் கடிக்க ஆசைப்படாதீர்கள். எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம், அதாவது ஒரு பெரும்போக வேளாண்மை விதைத்து வெட்டும் காலம், போகலாம். கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்து, மாமாங்கத் திருவிழாவையும் பார்த்து, பல்லையும் முடித்துக்கொண்டு பறக்க நினைக்கும் மச்சான்மாருக்கு இதை யாராவது சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு டிக்கெட் வேண்டும்.

நட்ட பல்லில் சூத்தை விழாது. ஆகவே தீட்டாமல் விடலாம், சிகரெட் ஊதலாம், சீனி வருத்தத்தையும் ஏறவிடலாம். முரசு அழுகி, எலும்பு கரைந்து, திருகாணி கையோடு வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. சூத்தை கண்ட கிழமையே அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பகுதிக்கு வெள்ளனப் போய் நம்பர் எடுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.