பத்து சதவீதப் பிள்ளைகள்

மணலி புதுநகர் தானாக முளைத்த ஊரல்ல. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டம் போட்டு வரைந்த ஊர். வரைபடத்தில் பூங்காவுக்குப் பச்சை அடித்தாயிற்று. பக்கத்திலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும் இருப்பதால், பூங்காவுக்குப் போகும் எட்டு வயதுப் பேரனுக்குத் தாத்தா துணை தேவை. போய்ச் சேர்ந்தால் தாத்தாவுக்கு எட்டு வடிவ நடைபாதை. பேரனுக்குப் ‘பந்து விளையாடக் கூடாது’ பலகை. நம் பூங்காக்களின் பொதுநீதி அது.

தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளி. பிள்ளைகளும் பத்து சதவீதம் மட்டும் துள்ளினால் கணக்கு நேராகிவிடும்.

அவர்களோ தெருவில் ஸ்டம்ப் நடுகிறார்கள். பந்து மாடியில் விழுந்தால் அவுட், சுவரைத் தாண்டினாலும் அவுட். சிக்ஸர் அடிப்பவன் குற்றவாளி. கட்டை போடுபவன் நல்ல பிள்ளை. நெருக்கடியான பேட்டை இப்படித்தான் ஆட்டக்காரர்களை வளர்க்கிறது.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு. இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டது. கண்டெய்னர் லாரிகளுக்குத்தான் இன்னும் நகல் போய்ச் சேரவில்லை.