கூதிர்காலத்து மதில்தாண்டு நத்தை எறிதல்: ஓர் அறிமுக ஆய்வு

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். அப்போது சென்னையில் இலை உதிர்வதுமில்லை, உறைபனி பெய்வதுமில்லை. வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும். இக்காலத் தோட்டப்பணிகளை இவ்வாய்வு ஐந்தாகப் பகுக்கிறது. ஏன் ஐந்து என்று கேட்கக் கூடாது, திணையும் ஐந்துதான்.

முதலாவது, முருங்கைக் கிளையைக் கழித்தல்: நாம் கழிக்காவிட்டால் புயல் கழிக்கும். இரண்டாவது, தொட்டியின் அடித்துளையைக் குத்திவிடுதல்: ஈர்க்குச்சி போதும். மூன்றாவது, தட்டில் தேங்கிய நீரைக் கவிழ்த்தல்: கொசு ஒழிப்புப் பணியாளர் கேட்டைத் தட்டும்போது செய்வது மரபு. நான்காவது, டிசம்பர் பூவை வேடிக்கை பார்த்தல்: இது பணியே அன்று என்பாரும் உளர் (கீழ்வீட்டு மாமா, வாய்மொழி).

ஐந்தாவது நத்தை பொறுக்குதல். மழை விட்ட இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், நேற்றுவரை கீரை இருந்த பாத்தியில் காம்புகள் நிற்கும். நடுவே பழுப்பு வரியோடிய ஓடு ஒன்று, உள்ளங்கை நீளத்துக்கு, நிதானமாக ஊரும். இதை என்ன செய்வது? உப்புக் கோட்பாட்டினர் மண்ணையும் சேர்த்துக் கெடுப்பதால் இங்கே விவாதிக்கப்படவில்லை. எறிதல் கோட்பாட்டில் உட்பிரிவுகள் மூன்று: நேர் எறிதல், வளைத்து எறிதல், பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் இருமிக்கொண்டே எறிதல். மூன்றாவதை எறிதல் என்பதே பிழை, அது இடமாற்றம் என்று நிறுவுகிறார் பின்வீட்டு மாமி (மொட்டைமாடிச் சொற்பொழிவுகள், நனைந்த துணி எடுத்த மாலை, மூன்றாம் படிக்கட்டு, கணவர் குறுக்கிட்ட பகுதி நீங்கலாக).

இந்த இடமாற்றத்துக்கு முன்னோடி உண்டு. இந்த ஆப்பிரிக்க நத்தையை 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன். அது சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டது. பென்சன் தோட்டக்காரர் அல்லர், நத்தையியல் அறிஞர். பாமரர் எவரும் இந்த வேலையைச் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எறிந்தது திரும்புமா? 2010இல் இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாட்டி ரூத் புரூக்ஸ், தம் ஊர்த் தோட்டத்து நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சு தடவிப் பார்த்து, அவை வீடு தேடி வரும் என்று காட்டினார், பி.பி.சி.யின் அமெச்சூர் விஞ்ஞானி பட்டமும் பெற்றார். நம் பக்கமென்றால் கருதுகோள் எழுதவே இரண்டு வருடம். அதன்பின் நெறியாளருக்கு நகப்பூச்சின் நிறம் பிடிக்க வேண்டும்.

ஆகவே அண்டை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: நத்தையைக் கையுறை போட்டு எடுங்கள், நத்தைக்குள் மூளையைத் தாக்கும் புழு இருக்கலாம். எறிந்தே தீர்வதென்றால் பூச்சு தடவி எறியுங்கள். மாமி சிவப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்.